எட்டில் முடியும் முகவரிகள்

மார்ச் 4, திங்கள்

காலையிலேயே வாடிக்கையாளரிடமிருந்து புகார். ஒரு கணினிக்குள் பல கணினிகள் இருப்பது போல ஓடவைக்கும் மென்பொருள் எங்கள் குழுவுடையது. நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் கருவி மாடிக் குழுவுடையது. தனித்தனியாக இரண்டும் தங்கம். எங்கள் மென்பொருளுக்குள் அவர்கள் கருவியின் புதுப் பதிப்பைத் திறந்தால் மட்டும் இரண்டும் சேர்ந்து படுத்துவிடுகின்றன.

மேனேஜர் இரண்டு குழுத் தலைவர்களையும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் யார் தப்பு என்று தெரிய வேண்டுமாம். தப்புச் செய்த தலைவர் மூன்று மாதம் வாடிக்கையாளர் போனில் உட்கார வேண்டும், லீவு கிடையாது. சொல்லிவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்க மாட்டாரா? மாடிக் குழுவின் தலைவர் என் வீட்டுக்காரர்.

அடுத்த மாதம் கடலோரத்தில் பத்து நாள் இருப்பதாக ஏற்பாடு. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் சேர்ந்தாற்போல் கிடைத்த முதல் லீவு. யார் மாட்டினாலும் அது போச்சு. இது அவருக்கும் தெரியும். இருந்தும் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிறார், "உங்க பக்கம் பாத்தியா?"

"முதல்ல உங்க பக்கம் பாருங்க."

மார்ச் 5, செவ்வாய்

பேசவில்லை. அவரும்.

மார்ச் 6, புதன்

ஆபீஸ் மெயிலில் அவரிடமிருந்து ஐந்து பத்தி. "மதிப்பிற்குரிய கீழ்த்தளக் குழுவினருக்கு" என்று ஆரம்பிக்கிறார். நான் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அடித்திருக்கிறார் மனுஷன். நானும் ஆறு பத்தி அனுப்பினேன்.

வீட்டில் மாமியார் வழியாகத்தான் பேச்சு. "அத்தை, சாவி கொக்கியில இருக்குன்னு சொல்லிடுங்க." "அம்மா, தெரியும்னு சொல்லு." இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. அத்தை கடைசியில் கடுப்பாகிவிட்டார். "தனித்தனியா ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்க. ஒண்ணா உக்கார வச்சாத்தான் கோளாறு."

அத்தை எப்போது அந்தப் புகாரைப் படித்தார்?

மார்ச் 7, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

கருவி விழுந்த பன்னிரண்டு தடவையும் அது கைவைத்த நினைவக முகவரியை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். புதுப் பதிப்பு வேகத்துக்காக நினைவகத்தைப் பதினாறு பதினாறாக எடுக்கிறது. தொடங்கும் முகவரி பதினாறால் வகுபட்டே ஆக வேண்டும்; நாங்கள் முகவரி எழுதும் முறையில் அது பூஜ்யத்தில் முடியும். என் பட்டியலில் பன்னிரண்டும் எட்டில் முடிகின்றன. சிப்பின் விதிப்புத்தகத்திலும் பதினாறுதான்; அவர் கருவி மேல் தப்பில்லை. முகவரி கொடுப்பது யார்? நாங்கள்.

எங்கள் குழுவில் எந்தக் கழுதை இதை எழுதியது என்று பழைய பதிவுகளைத் தோண்டினேன். கழுதை நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், பக்கத்திலேயே குறிப்பு வேறு: "இப்போதைக்கு எட்டு போதும். பிறகு மாற்றிக்கொள்ளலாம்." அவருடைய பழைய கருவி எட்டு எட்டாக எடுத்ததால் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சரி சொன்னால்தான் இங்கே எதுவும் உள்ளே போகும். சரி சொன்னவர் பெயரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர். அப்போது நாங்கள் ஒரே குழு. நானூறு வரி; ஒரு நிமிஷத்தில் ஒப்புதல். "அருமை. குறையே இல்லை." அந்த வாரம்தான் முதல்முதலாக டீ குடிக்க வருகிறாயா என்று கேட்டார். எங்கே படித்திருக்கப் போகிறார்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் கடல் ஞாபகம் வந்து அழுகையாக வந்தது. சரி, நாளைக்கு என் பெயரை மட்டும் சொல்லிவிடுவது. அவராவது அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் வரட்டும்.

மார்ச் 8, வெள்ளி

"தப்பு என்னுது சார்" என்றேன். மேனேஜர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தபோது இவர் எழுந்தார்.

"அந்த நானூறு வரிக்கு ஓகே சொன்னது நான். படிக்காமலே சொன்னேன்."

அவரும் நேற்று தோண்டியிருக்கிறார். என்னிடம் மூச்சுவிடவில்லை.

"நானூறு வரியை ஏன் படிக்கல?" என்றார் மேனேஜர்.

"அப்போ நிலைமை அப்படி சார்." அசடு வழிந்தது. அறையே சிரித்தது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு: இரண்டு பேருக்கும் மூன்று மாதம் போன். லீவு ரத்து.

மார்ச் 12, செவ்வாய்

போன் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

எட்டைப் பதினாறாக்கிவிட்டேன். மொத்தம் மூன்று வரி. காலை பத்து மணிக்கு அவருக்கே அனுப்பினேன். நாலு மணிக்குத் திரும்பி வந்தது, பதினோரு குறைகளோடு. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. பதினொன்றும் நியாயமான குறைகள், அதுதான் இன்னும் எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தி அனுப்பினேன்.

ஒப்புதல் வந்தது. கூடவே பக்கத்து நாற்காலியிலிருந்து, "டீ குடிக்க வர்றியா?"

"முழுசாப் படிச்சீங்களா?"

"நாலு தடவை."

அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே விட்டுவிட்டுப் போனோம்.