அஸ்னாவின் பெயரில் ஒரு பகிடி

24.08.2025, ஞாயிறு

இன்று அப்பா மூன்று தரம் நடிகர்களை வென்றார்!

அஸ்னா வீட்டில்தான் வழக்கம் போல டிவியில் 'மணி அடிச்சா மாத்து' பார்த்தோம். இந்த நிகழ்ச்சி எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் ஏன் இப்படிப் பைத்தியம் பிடித்த மாதிரிப் பிடித்தது என்று வரும் வழியில் யோசித்தேன். எழுதி வைத்த வசனம் இல்லை, அதுதான். பார்ப்பவர்கள் ஒரு ஆளையும் ஒரு இடத்தையும் அனுப்புவார்கள். நடிகர்கள் அந்த நிமிடமே நடிக்க வேண்டும். மணிக்காரர் மணியை அடித்தால் கடைசியாகச் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் முழிக்கிற முழிதான் எங்களுக்குக் கொண்டாட்டம்.

இன்றைக்கு ஒரு பஸ் கொண்டக்டர். "உள்ள போங்கோ, உள்ள இடம் இருக்கு" என்றார். மணி. "மேல போங்கோ, மேல இடம் இருக்கு." மணி. ஆள் திக்கித் திணறுகிறார். அப்பா கதிரையில் இருந்தபடியே, "வீட்டுக்குப் போங்க, வீட்லதான் இடம் இருக்கு!" என்றார். அஸ்னாவின் வாப்பா மீராசாகிபு மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "மாயாண்டி அண்ணனை அங்க அனுப்ப வேணும். அவங்கட சோறு போயிரும்" என்றார்.

வீட்டிலும் அதே விளையாட்டுத்தான். சாப்பிடும்போது அம்மா "கறி எப்பிடி?" என்றார். "உப்பு கொஞ்சம் கூட" என்றார் அப்பா. அம்மா கரண்டியால் தண்ணீர் குடிக்கும் சில்வர் பேணியில் தட்டினார். "புளி கொஞ்சம் கூட." இன்னொரு தட்டு. "பாசம் கொஞ்சம் கூட." அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. இந்த வயதில்!

28.08.2025, வியாழன்

எழுத விருப்பமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அப்பாவைக் கிளிநொச்சிக்குக் கண் கிளினிக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல மத்தியான வெயில். அப்பாவுக்குக் கமநல சேவை நிலைய ஐயாவிடமிருந்து போனில் கோல் வந்தது, விதைநெல் விசயமாக. உடனே செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நின்றார். எப்போதும் அப்படித்தான். பெரிய ஆட்கள் யார் எடுத்தாலும் எழும்பி, செருப்பைக் கழற்றி, "சரிங்க ஐயா, ஓமுங்க ஐயா." வயலில் நின்றாலும் அதுதான், வாசலில் நின்றாலும் அதுதான். "இருந்து கதையுங்கோவன் அப்பா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

தார் கொதிக்கிறது. ஒரு காலை மாற்றி மறு காலை வைக்கிறார், குதிக்காத குறை. செருப்பு பக்கத்திலேயே கிடக்கிறது. கால் மட்டும் அதற்குள் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சுமன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். எங்கள் காப்புறுதிக் கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசை. "உங்கட அப்பாவோ? கால் பொங்கப் போகுது, செருப்பைப் போடச் சொல்லுங்கோ" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன். பிறகு அவர் கேட்டார், "நீங்கள் மலையகப் பக்கமோ?"

"அப்பா மட்டும்" என்றேன்.

அம்மாவும்தானே. ஏன் அப்படிச் சொன்னேன்? பள்ளிக்கூடத்தில் ஒருத்தி 'தோட்டக்காட்டார்' என்று இளக்காரமாகச் சொன்னதற்கு அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்தவள் நான். இன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே பாதியை மறைத்தேன்.

29.08.2025, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கந்தோரில் அப்பா தாரில் நின்று கதைத்ததை நடித்துக் காட்டினேன். வாய்க்குள் இருந்த சோறு வெளியே வருமளவுக்குச் சிரித்தார்கள். நான் ஒருநாளும் இவ்வளவு பேரைச் சிரிக்க வைத்ததில்லை. உடம்பு சூடாகி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குதித்துக் காட்டினேன்.

"ஆர் அது?" என்று கேட்டார்கள். "எங்கட ஊரில ஒருத்தர்" என்றேன்.

சுமன் மட்டும் குனிந்து சாப்பாட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

31.08.2025, ஞாயிறு

இன்றைய நிகழ்ச்சி சப்பென்று போனது. அனுப்புகிறவர்கள் நல்ல ஆட்களாக அனுப்புவதில்லை என்று எல்லோரும் குறைப்பட்டார்கள். என்னிடம் ஒரு நல்ல ஆள் இருக்கிறார் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு.

ஒரு நம்பரில் இருந்து வருடத்துக்கு ஒரு தரம்தான் எடுப்பார்கள். என்னுடையதை ஆனி மாதமே எடுத்துவிட்டார்கள். அஸ்னா தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், கை முழுக்க எண்ணெய். "உன்ர போனில ஒரு பகிடி அனுப்பட்டோ?" என்றேன். "அனுப்பு, கழுத்தை அறுக்காத" என்றாள். அவள் பெயரில் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆள், இடம் — இரண்டே வரி. எடுக்க மாட்டார்கள். ஆயிரம் பேர் அனுப்புவார்கள்.

14.09.2025, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள்.

15.09.2025, திங்கள்

கந்தோருக்கு லீவு போட்டேன். தலையிடி என்று பொய்.

நேற்று மணிக்காரர் வாசித்தார்: "விசுவமடுவிலிருந்து அஸ்னா அனுப்பியிருக்கிறார்." ஒரே கூச்சல். அப்பாதான் முதலில் கை தட்டினார். "ஆள் — போன் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மனிதர். இடம் — கொதிக்கிற தார் றோட்டு." அப்பாவின் கை நின்றது. இல்லை, இன்னும் இரண்டு தரம் தட்டினார், பிறகுதான் நின்றது.

நடிகர் குதித்தார். "ஓமுங்க." மணி. "சரிங்க." மணி. "சரிங்க தொரை!" அங்கே இருந்தவர்கள் மண்டபம் அதிரச் சிரித்தார்கள். அதோடு விடவில்லை. மற்ற நடிகர் ஓடி வந்து ஒரு கூடையின் கயிற்றை அவருடைய தலையில் மாட்டினார். இவர் முதுகை வளைத்துக் கொழுந்து பறித்தபடியே போனில் கும்பிடு போட்டார்.

தொரையை நான் அனுப்பவில்லை. கூடையை நான் அனுப்பவில்லை. செருப்பும் றோட்டும் மட்டும்தானே! — இப்படித்தான் இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர்கள் எழுதிவைத்துச் சொல்லவில்லையே. வாயில் தயாராக இருந்தது வந்தது. நான்தான் வாசலைத் திறந்துவிட்டேன்.

மீராசாகிபு மாமா ரிமோட்டைத் தேடிச் சத்தத்தைக் குறைத்தார். அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நடுவில் நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அஸ்னாவின் உம்மா நபீஸா மாமி, "நீயோடி அனுப்பின?" என்று அவளைக் கேட்டார். அஸ்னா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் உம்மா. சும்மா அனுப்பினனான்" என்றாள்.

வாசலில் பத்துச் சோடி செருப்புக் கிடந்தது. அப்பா தன்னுடையதைக் கண்டுபிடிக்க நிறைய நேரம் எடுத்தார்.

16.09.2025, செவ்வாய்

தேத்தண்ணி குடிக்கும்போது அப்பா கேட்டார்: "அந்தப் புள்ள எதுக்கு அப்படி அனுப்புச்சு?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தெரியாது அப்பா" என்றேன்.

"சரி" என்றார்.

18.09.2025, வியாழன்

அப்பா மீராசாகிபு மாமாவின் கடைக்குப் போவதில்லை. சுருட்டுக்கும் சீனிக்கும் சந்திக்கு அங்கால், ஒன்றரைக் கட்டை தூரம் சைக்கிள் மிதிக்கிறார்.

பேணியில் யாரும் தட்டுவதில்லை. கறிக்கு இன்று உண்மையிலேயே உப்பில்லை. அப்பா பேசாமல் சாப்பிட்டு எழும்பினார். அம்மா எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "அஸ்னாவை என்ர பிள்ளை மாதிரி நினைச்சன்."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சீ, என்ன பிறவி நான்!

19.09.2025, வெள்ளி

அஸ்னாவிடம் போனேன். மெசினை நிறுத்தாமலே கதைத்தாள்.

"என்ர பேரிலயே இருக்கட்டும் நிரோ. எனக்கு அது ஒண்டுமில்லை. ஆனா வாப்பா ஒவ்வொரு நாளும் பின்னேரம் கடைக்கு முன்னால கதிரையைத் தூக்கிப் போட்டிட்டு உன்ர அப்பா வாறாரோ எண்டு பாக்கிறார். அதைத்தான் என்னால பாக்கேலாது."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "மாமிக்குச் சொல்லிடாத" என்று கேட்டுவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவள்.

21.09.2025, ஞாயிறு

அப்பா வரவில்லை. முழங்கால் நோவாம். நானும் போகவில்லை. மூன்று வீடு தள்ளி அவர்கள் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது. அப்பா றேடியோவைப் போட்டார்.

25.09.2025, வியாழன்

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சாப்பாட்டில் இருந்தோம். "அப்பா, அஸ்னா வேணுமெண்டு செய்யேல்லை" என்று தொடங்கினேன். அப்பா கரண்டியை எடுத்துப் பேணியில் ஒரு தட்டுத் தட்டினார். பதினொரு நாளுக்குப் பிறகு! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. விளையாட்டுக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அஸ்னா பகிடிக்குத்தான் செய்தவள்."

மறுபடியும் தட்டினார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

"நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து…"

தட்டினார்.

"நான்தான் அனுப்பினனான் அப்பா. அவளுக்கு ஒண்டும் தெரியாது."

கரண்டியைக் கீழே வைத்தார். அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது.

"தாரு சுட்டுச்சுன்னு அந்த ஆளு குதிச்சான்ல" என்றார் அப்பா. "அத அஸ்னா புள்ள எங்க பாத்துச்சு? பரந்தன்ல என்கூட நின்னது நீதான்."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "அந்தப் புள்ள எதுக்கு அனுப்புச்சு" என்று கேட்டது எனக்குத் தந்த சந்தர்ப்பம். "தெரியாது" என்று சொல்லி எழும்பிப் போனேனே!

"பிறகேன் கடைக்குப் போகாமல் விட்டனீங்கள்?" என்று கேட்டேன். அவர்களோடு கோபம் என்றுதானே எல்லோரும் நினைத்தோம்.

"என்னான்னு போறது? எம்புள்ள செஞ்சத அவரு புள்ள தலையில வச்சிருக்கு. அந்த மனுசன் மொகத்துல எப்படி முழிக்கிறது?"

அவர் வெட்கப்பட்டது எனக்காக. செருப்புக்காக இல்லை. கூடைக்காகக்கூட இல்லை.

நான் அழுதேன். அவர் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "தோட்டத்து ஆபீஸ்லதான் அப்ப போன் இருந்துச்சு. செருப்போட அந்தப் படியில ஏற முடியாது. எங்க ஆத்தா செத்த சேதியும் அப்படி நின்னுதான் கேட்டேன். இப்ப நானா கழட்டுறது இல்ல புள்ள. காலு கழட்டுது."

26.09.2025, வெள்ளி

வேலையால் வந்த கையோடு கடைக்குப் போனேன். மீராசாகிபு மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருக்கலாம்.

"என்ர வீட்டில வச்சு அந்த மனுசன் அதைப் பாத்திட்டார். எனக்கு அதுதான் கவலை" என்றார். பிறகு, "அண்ணன் இனி வருவார்தானே?"

நபீஸா மாமி என்னோடு கதைக்கவில்லை. அது நியாயம்.

02.10.2025, வியாழன்

அப்பா கடைக்குப் போகிறார். பின்னேரம் இரண்டு கதிரையும் வெளியே கிடக்கின்றன.

ஆனால் போன் அடித்தால் இப்போது வீட்டுக்குப் பின்னால் போய்விடுகிறார். குசினி யன்னலால் பார்த்தால் கிணற்றடியில் செருப்பு மட்டும் தெரிகிறது. என் கண்ணில் படக்கூடாது என்று சொந்த வீட்டில் ஒளிக்கிறார். மன்னிப்பதும் முன்பு போல இருப்பதும் ஒன்றில்லைப் போல.

05.10.2025, ஞாயிறு

அப்பா நிகழ்ச்சி பார்க்க வந்தார். அதே கதிரை. ஒரு நடிகர் நடுவில் சொல் வராமல் திணறினார். நாங்கள் எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

06.10.2025, திங்கள்

மத்தியானம் அவர்களாகவே அந்தச் செருப்புக்காரரை இன்னொரு தரம் நடித்துக் காட்டச் சொன்னார்கள். "அது என்ர அப்பா" என்றேன். சுமன் தன் பெட்டியில் இருந்த முட்டைப் பொரியலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

09.10.2025, வியாழன்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனேஜர் கோல் எடுத்தார். ஏதோ பைல் காணவில்லையாம். "ஓம் சேர். ஓம் சேர். நாளைக்கு வெள்ளன வாறன் சேர்."

"இருந்து கதை புள்ள" என்றார் அப்பா, மெதுவாக.

அப்போதுதான் கவனித்தேன். சோற்றுக் கையோடு, நேராக எழும்பி நின்றுகொண்டிருக்கிறேன். இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நின்றே கதைத்து முடித்தேன்.

"ஆர் அது?" என்றார் அம்மா.

"மனேஜர்."

அப்பா பேணியில் தட்டினார்.

"எங்கட பெரியவர்."

மறுபடியும் தட்டினார். என்னையே பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன்.

"தொரை" என்றேன்.

அம்மா சட்டென்று அப்பாவைப் பார்த்தார். பிறகு அப்பா சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, அம்மா உச்சியில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் நின்றபடியே அழுதுகொண்டிருந்தேன்.

10.10.2025, வெள்ளி

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கமநல சேவை நிலையத்திலிருந்து கோல் வந்தது. கிணற்றடிக்குப் போகவில்லை. என் முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "ஓமுங்க ஐயா" என்று கதைத்தார். செருப்புக் கிடந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிவரக் கூட்டினேன்.