ஃப்ரீசரில் வைத்த புட்டி

2006 ஆகஸ்ட், வியாழன் இரவு

என் ஸ்டெம் செல்கள் மறுபடியும் செத்துவிட்டன. "முத்தியால்பேட்டை மார்க்கெட்லேர்ந்து நேரா லேபுக்கு வந்துடுறா போல. கைய கழுவிக்கினு வரச் சொல்லுங்க மேடம்" என்று எல்லார் எதிரிலும் சிரித்தார் சீனியர் ரமணன். லேப் தலைவியான மேடமும் என்னைத்தான் திட்டினார்.

செல்களுக்கு ஊட்டமாக ஊற்றும் என் குரோத் ஃபேக்டரைக் கேட்காமல் எடுப்பவர் அவர். புதிது வந்ததும் உருக்கித் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மறுபடி உறைய வைத்துவிடுவார். இப்படி உருக்கி உருக்கி உறைய வைத்தால் அதன் வீரியம் போய்விடும். அந்த மிச்சம்தான் எனக்கு.

இன்று புதுப் புட்டி வந்தது. யாரும் வருவதற்குள் அதைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, ஃப்ரீசரில் இருக்கும் என் லேப் தோழி கலாவின் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். அவர் கெடுத்துவைத்த பழைய மிச்சத்தைப் புதுப் புட்டியில் ஊற்றி, வழக்கமான இடத்தில் வைத்தேன்.

சாயங்காலம், எடுத்து முடித்த பிறகு வந்து சொன்னார்: "புதுசுலேர்ந்து கொஞ்சம் எடுத்துக்கினேன்மா. திங்கக்கிழம மேடத்துக்கு என் செல்லுங்களக் காட்டணும்."

"எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க சார்" என்றேன்.

அந்தச் செல்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. திங்கட்கிழமை நான் கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் போவேன்.