தரிசு என்று ஏற்றிய வயல்

தை 24, செவ்வாய்

வி.ஏ.ஓ. ஆபீசில் என் மேஜைமேல் ஆரோக்கியமேரி ஒரு கைப்பிடி நெல்லைக் கொட்டினார். எல்லாம் முளைவிட்டிருந்தது. நான் ஏற்றிய அடங்கலில், அதாவது ஊரின் பயிர்க் கணக்கில், அவர் வயல் தரிசு. அதனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கவில்லை. நான்கு நாளாக மழையில் கிடக்கிறது.

"வெளஞ்ச வயல தரிசுன்னு எழுதியிருக்கீங்களே சார், வந்து பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பும்மா."

நான் போகவே இல்லை. போன வருஷம் தரிசாகக் கிடந்தது. அதையே பார்த்து இந்த வருஷத்துக்கும் ஏற்றிவிட்டேன். இப்போது திருத்த வேண்டுமென்றால், வயலைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று தாசில்தாருக்கு எழுதித் தர வேண்டும். அதோடு என் வேலை போய்விடும்.

சாப்பிட்டதும் தாளை எடுத்து வைத்தேன். 'ஐயா' என்பதோடு நிற்கிறது. வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.