தண்டல் சகலையின் அக்ரிலிக் தொட்டி

சகலையாரே,

இன்று காலை பட்டறையில் குளோரோபார்ம் புட்டியைத் திறந்தேன். மக்ரூன் கடை ஒன்றுக்குப் பெயர்ப்பலகை ஒட்ட வேண்டும். வாடை மூக்கில் ஏறியதும் உமது முகம் வந்து நின்றது. மல்லிகைப்பூ வாடையில் நினைவுக்கு வருகிறவர்கள் உண்டு. அக்ரிலிக் ஒட்டுகிற மருந்தின் வாடையில் வருகிறவர் ஈரேழு பதினாலு லோகத்திலும் நீர் ஒருவர்தான். பொருத்தம்தான். இரண்டுக்கும் பக்கத்தில் உட்காருவதென்றால் கதவைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செத்தவரைத் திட்டக் கூடாது என்கிறாள் உம் மதினி, அதாவது என் மனைவி. உயிரோடு இருந்தபோது திட்ட விட்டீரா? என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்தீர். மூன்று வருஷமாகத் தொண்டையில் கிடப்பதை எங்கே கொண்டு கொட்டுவது? நீரே வாங்கிக்கொள்ளும்.

இந்தத் தூத்துக்குடியில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை என் கையால் ஆனது. மீதிக் கடைகளுக்குப் பெயர் எதற்கு என்று நானே விட்டுவிட்டேன். நீரோ மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போன தோணிக்குத் தண்டல், ஓட்டுகிற தலைவர். உமது குரலுக்குப் பயந்துதான் அலை கரைப்பக்கம் ஒதுங்குகிறது என்று உமக்கு ஒரு நினைப்பு. கரைக்கு வந்து ஓய்ந்ததும் ஹாலில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, மீன்குஞ்சு பொரிப்பகத்தில் வாங்கிய இரண்டு கோமாளி மீன்களை அதில் விட்டீர். கடல் தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்தீர். பிறகு என் பட்டறைக்கு வந்தீர்.

"வே சகல, பாக்குதவனுக்கு மீனு மட்டும்தான் தெரியணும். மோட்டாரு, பஞ்சு, கருமாந்திரம் ஒண்ணும் தெரியக் கூடாது. கீழ ஒளிச்சு வைக்க ஒரு தொட்டி செஞ்சி தாரும்."

செய்தேன். மேல்தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். முதல் அறையில் அழுக்கு தங்கும், நடு அறையில் குமிழி அடங்கும், மூன்றாம் அறையில் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். எட்டு எம்.எம். அக்ரிலிக். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே அழிந்துபோனது. ரேஷன் கடை மிஷின் இன்றும் என்னை யாரென்று கேட்கிறது. ஊசியில் மருந்தை ஏற்றி ஒவ்வொரு மூட்டிலும் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டேன். அரண்மனை கட்டிய ராஜாக்களில் எவனும் மூன்று அறைக்கு இத்தனை யோசித்திருக்க மாட்டான்.

கடைசி அறையில், விளிம்புக்கு ஆறு விரல்கடை கீழே, கத்தியால் ஒரு கோடு கீறினேன்.

"இதுக்கு மேல தண்ணி நிக்கக் கூடாது வே. கரண்டு போனா மோட்டாரு நின்னுரும். மேல உள்ள தண்ணி கொஞ்சம் கீழ எறங்கும். அதுக்கு எடம் வேணும்."

சிரித்தீரே ஒரு சிரிப்பு! "அரைகுறையாத் தண்ணி கெடக்க தொட்டிதான் தோணியக் கவுக்கும். அங்கிட்டும் இங்கிட்டும் அலம்பும். ஒண்ணு காலியா வைக்கணும், இல்ல கழுத்து முட்ட நெறைக்கணும். நாப்பது வருசம் கடல்ல கெடந்தவன் சொல்லுதேன்."

"ஓம்ம வீடு எங்க வே ஆடுது? அஸ்திவாரம் போட்டுல்லா கட்டிருக்கு!"

"நீரு போர்டு எழுதுத ஆளு. தண்ணியப் பத்தி ஒமக்கு என்ன தெரியும்?"

நான் தெருமுனை திரும்பியிருக்க மாட்டேன், கீழ்த்தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டீர். சிமெண்டுத் தரையில் நிற்கும் வீட்டுக்குக் கடலின் சட்டம் போட்டவர் நீர்.

பிறகு உம் பேத்தி கோவிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. மத்தியானம், ஹால் நிறையப் பந்தி. கரண்டு போனது. பிரியாணியில் நான் கை வைக்கிறேன், காலடியில் ஜில்லென்றது. உப்புத்தண்ணீர் பந்தி விசாரிக்க வந்திருந்தது. நம் மாமனாரின் புதுச்செருப்பு மிதந்துபோய் மணப்பாட்டுக் கடற்கரையில்தான் ஒதுங்கியிருக்க வேண்டும், இன்றுவரை கிடைக்கவில்லை. நான் நாற்காலியில் ஏறி நின்று கத்தினேன்:

"நாப்பது வருசம் தோணி ஓட்டுனேன்னு இனிமே சொல்லாதீரும். வீட்டுக்குள்ளயே கப்பலக் கவுத்த ஒரே தண்டல் நீருதாம் வே!"

பந்தியே சிரித்தது. மாமனார் புரையேறிச் சிரித்தார். நீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தீர். நிமிரவே இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. பதிலுக்கு நாலு வார்த்தை ஏசியிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சேர்ந்து உட்கார்ந்து மீன் குழம்பு தின்றிருப்போம். வாயை மூடிக்கொண்டு மூன்று வருஷம் இருந்தீர். அப்புறம் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாய்ப் போனீர். சண்டையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிய கோழை நீர். கல்லறையில் மண் போடும்போதும் இதைத்தான் நினைத்தேன்.

போன மாதம் உம் வீட்டுக்காரி வந்தாள். "அத்தான், கீழ்த்தொட்டி மூட்டுல தண்ணி கசியுது. அந்த ரெண்டு மீனுந்தான் வீட்டுல எனக்குத் தொணை. அதுவும் போச்சுன்னா நான் யாருகிட்டப் பேச?"

கசிந்தது நான் ஒட்டிய மூட்டு. மருந்து காயும் முன்பே தண்ணீர் விட்டது நீர் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மீன்களை மேலே காற்றுக்குழாயோடு விட்டுவிட்டு, கீழ்த்தொட்டியைக் கழற்றி வெயிலில் வைத்தேன். கடைசி அறையின் சுவரில் உப்புப் படிந்து வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. தண்ணீர் வருஷக்கணக்காக நின்ற மட்டம். விளிம்பில் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. நான் கத்தியால் கீறிய அதே கோட்டின் மேல் இருந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த விருந்துக்கு அப்புறம் என் சொல்லைக் கேட்டுவிட்டீர்! என்னிடம் மட்டும் சொல்லவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போகாத குறை. "பாத்தியாளா, நான் சொன்னதுதான்! கடைசியில யாரு ஜெயிச்சா?" என்று உம் வீட்டுக்காரியிடம் குதித்தேன். அவள் மீனுக்கு இரை போடப் போய்விட்டாள்.

புதுத்தொட்டி செய்தேன். அதே அளவு, அதே கோடு, குழாயும் புதுசு. கோடு வரை தண்ணீர் விட்டு, மோட்டாரை ஓட்டி, சோதித்துப் பார்க்கப் பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர் இறங்கியது. நிற்க வேண்டிய இடம் வந்தது. நிற்கவில்லை. மேலே ஏற்றுகிற குழாயே வாய் மாறி, மேல்தொட்டியை உறிஞ்சிக் கீழே கொட்டியது. விளிம்பைத் தாண்டி என் காலை நனைத்தது. மேலே மீன்கள் இரண்டும் ஒரு மூலைக்கு ஒடுங்கின. நான் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நிதானமாக வந்து, குழாயின் வாயைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினாள். நின்றது.

"பழைய கொழாயில ஒரு ஓட்டை உண்டும்லா அத்தான். அதப் போடலையா?"

எடுத்துவந்து காட்டினாள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே கோணி ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. மட்டம் கொஞ்சம் இறங்கினாலே அதன் வழியே காற்று புகுந்து குழாயின் உறிஞ்சல் அறுந்துவிடும். அவ்வளவுதான். என் வரைபடத்தில் அது இல்லை. அதாவது, அன்று நீர் என் கோட்டை மதித்திருந்தாலும் பந்தியில் தண்ணீர் நடந்திருக்கும்.

"விருந்து முடிஞ்ச மறுநாளே அவியதான் ஊசியக் காய்ச்சிப் போட்டாவ," என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாவ. 'எல்லாரும் சிரிச்சா எங்க சகல தாங்கமாட்டாரு'ன்னாவ."

தாங்கமாட்டேனா? யாரைப் பார்த்துச் சொன்னீர்? உமது ஏச்சை, உமது மீசையை, உமது மாலத்தீவுக் கதையை ஆயிரத்தெட்டுத் தடவை தாங்கியவன் நான். உமது இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை வே. அன்று அந்தத் தரையில் குனிந்து என் தப்பையும் சேர்த்துத் துடைத்தீரே, அதற்கு உம்மை மன்னிக்க நான் என்ன புனிதரா?

அன்று சிரித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன், கப்பலைக் கவிழ்த்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று. மாமனார் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப என் செருப்புக்கு யாரு பொறுப்பு?" என்றார்.

புதுக்குழாயிலும் துளை போட்டாயிற்று. உமது கோணி ஊசியால்தான். வாரம் ஒருமுறை அதில் உப்பு அடைக்கும். நீர் அதற்கென்று வைத்திருந்த தேய்ந்த டூத் பிரஷ்ஷை உம் வீட்டுக்காரி என்னிடம் கொடுத்துவிட்டாள். இன்று சனிக்கிழமை. பிரஷ் என் சட்டைப்பையில் இருக்கிறது. சாயங்காலம் உம் வீட்டுக்குப் போவேன், முட்டி போட்டு அந்தத் துளையைத் தேய்ப்பேன், தேய்த்து முடிகிற வரைக்கும் உம்மை ஏசுவேன். மீன்கள் இரண்டும் கண்ணாடிப் பக்கம் வந்து நின்று கேட்கும். நல்லாக் கேட்கட்டும்.