செனட்டர் சொன்னதாக நீ சொன்னது

நேற்று மதியக் காட்சிக்குப் போயிருந்தேன். தரை டிக்கெட்தான். பீடிப் புகையும் ஈர மணலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், திரைக்குப் பக்கத்தில் நீ பிரம்போடு நிற்கிறாயா என்று கண் தேடியது. அங்கே இப்போது ஒலிபெருக்கிப் பெட்டி நிற்கிறது.

படங்கள் ஊமையாக இருந்த காலத்தில் நீதான் அவற்றுக்கு வாய். படத்துக்கு முன் ஓடும் செய்திச் சுருளில் அந்த அமெரிக்க செனட்டர் அடிக்கடி வருவார். பாலம் திறப்பார், குழந்தையை முத்தமிடுவார், ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கையை ஆட்டிப் பேசுவார். சுருள்கள் நம்மூருக்கு முன்பின்னாக வந்து சேரும். ஒரு வாரம் நரைத்த தலை, மறுவாரம் கறுத்த தலை. "போன வாரம் தேர்தல் கவலை. இப்ப ஜெயிச்சாச்சு" என்று நீ சமாளிப்பாய். "எங்க தலை மட்டும் திரும்பக் கறுக்க மாட்டேங்குதே" என்று தரையிலிருந்து ஒரு குரல் வரும். ஆரியசாலைக் கடைத்தெருச் சுமைக்காரர்கள் மொத்தமும் சிரிப்பார்கள்.

செனட்டர் எதைப் பேசினாலும் நீ ஒன்றையே சொல்வாய்: "பெரிய மூட்டைக்கு ரெண்டு ஆளு வேணும், ஒத்த முதுகுல ஏத்தப்பிடாதுன்னு சொல்லுதாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரையில் ஓடும் ஆங்கில எழுத்தை நான் வாசித்திருந்தேன். அவர் பேசியது பருத்தி விலையைப் பற்றி. எழுத்தறியாதவனுக்குப் பொய் நம்பிக்கை ஊட்டுவது அவனை இன்னொரு முறை கொள்ளையடிப்பது என்று உன்னோடு சண்டை போட்டேன். "லேய், உனக்கு எழுத்து தெரியும். ஆளு தெரியாது" என்றாய். நான் கேட்கவில்லை. வாரப் பத்திரிகையில் எழுதினேன். உன் பெயரைப் போடவில்லை. போடவும் வேண்டாம், அந்த வேலைக்கு ஊரில் நீ ஒருவன்தான். கொட்டகை முதலாளிக்கு ஆரியசாலையில் மண்டியும் இருந்தது; இரண்டு ஆள் கூலி அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். மறுநாளே உன்னை அனுப்பிவிட்டார். இருமலோடு நீ அதே தெருவில் மூட்டை சுமக்கப் போனாய். ஒரு மழைக்காலம்தான் தாங்கினாய்.

நேற்று செனட்டர் மறுபடியும் திரையில் வந்தார். முழுக்க நரைத்து, கைத்தடியோடு, முதல் முறையாகத் தன் சொந்தக் குரலில். மெலிந்த, சலித்த குரல். வேலைநிறுத்தம் செய்கிறவர்களைச் சிறையில் தள்ள வேண்டும் என்றார். நான் எழுதியது சரியென்று ஆகிவிட்டது.

பக்கத்தில் சும்மாட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர். "நம்ம மூட்டைக்காரச் செனட்டராக்கும். என்ன பறையுதாரு, தம்பி?"

உண்மை நாக்கு நுனியில் நின்றது. "பெரிய மூட்டைக்கு ரெண்டு ஆளு வேணுமாம்" என்றேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அவன்கூட நடந்த ஆளுல்லா நீங்க? அது அவன் பேச்சாக்கும். வெள்ளைக்காரன் எதுக்கு நம்ம மூட்டையைப் பறையணும்? எங்களுக்கு அன்னைக்கே தெரியும். நம்ம காரியத்தை ஒருத்தன் எந்திச்சு நின்னு சத்தமா சொன்னான். அதைக் கேக்கத்தான் வந்தோம்."

வெளியே வந்தேன். ஆரியசாலையில் பெரிய மூட்டை இன்னும் ஒற்றை முதுகில்தான் போகிறது.

அதே வாரப் பத்திரிகைக்கு இன்று உன் வாக்கியத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். செனட்டர் சொன்னதாக இல்லை. இந்த முறை உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.