சங்கிலி இல்லாத யானை

இன்று காலை அப்பா பெருமாள் கோயிலிலிருந்து இட்லி கொண்டுவந்தார். மந்தாரை இலையைப் பிரித்ததுமே சுக்கும் மிளகும் நெய்யும் கலந்த மணம் வீடெங்கும் பரவியது. எல்லோரும் தட்டோடு உட்கார்ந்தார்கள். நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, பட்டு நூல் சுற்றும் இராட்டைக்குப் போய்விட்டேன். அந்த மணம் வந்தால் எனக்கு உன் பாய்தான் ஞாபகம் வருகிறது.

எட்டாம் வகுப்பில் நம்மை முதுமலைக் காட்டுக்கு முகாம் கூட்டிப்போனார்கள். ஏனாத்தூரில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போகும் உன் அப்பா உன்னை அனுப்பமாட்டார் என்றே நினைத்தேன். நீ இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்துச் சம்மதம் வாங்கினாய். "கோயில் யானைக்கு எப்ப பாத்தாலும் கால்ல சங்கிலி. அது இல்லாம யானை எப்டி நடக்கும்னு ஒரு தபா பாக்கணும்டி" என்றாய். ரயிலிலும் பஸ்ஸிலும் அதே பேச்சுதான். "யானை வந்தா நீ மட்டும் கத்தமாட்ட. உனக்குத்தான் வாயே கெடையாதே!" என்று என்னைக் கேலி வேறு செய்தாய்.

மொத்தம் பன்னிரண்டு பெண்கள். கூடாரத்துக்கு இரண்டு பேர். நாம் இருவரும் ஒரே கூடாரம். கூப்பிடு தூரத்தில் தண்ணீர்க் குட்டையும், மிருகங்களைப் பார்க்க மரத்தில் கட்டிய பரணும் இருந்தன. பரணுக்கு இரண்டிரண்டு பேராக முறை வைத்தார்கள். நமக்குக் கடைசி நாள் காலை.

போய் இறங்கியதுமே வயதான வனக்காவலர் ஒருவர், "குரங்கு வரும், தின்பண்டம் எதையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது, சமையல் கொட்டகையில் கொடுத்துவிடுங்கள்" என்றார். நீ உன் வேர்க்கடலைப் பொட்டலத்தை முதல் ஆளாகக் கொடுத்தாய். நான் கொடுக்கவில்லை. என் பையில் நாலைந்து நாள் கெடாத கோயில் இட்லி இருந்தது. "பெருமாள் பிரசாதம்மா. கீழ போட்டுடாத. கண்டவங்க கையில குடுக்காத" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கண்டவர்களில் நீயும் உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னிடமும் சொல்லவில்லை. நீ வெளியே போகும்போதெல்லாம் ஒரு விள்ளல் எடுத்துத் தின்றேன்.

மூன்றாம் நாள் மதியம் ஆற்றில் குளித்துவிட்டு வந்தால் கூடாரம் கிழிந்து கிடந்தது. குரங்குகள் இட்லியைத் துளி மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, இலையை உன் பாய்மேல் போட்டுவிட்டுப் போயிருந்தன.

டீச்சர் இலையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "சோத்தக் காணாததுங்கள கூட்டினு வந்தா இப்டித்தான்."

"நான் வெக்கல டீச்சர்."

"அப்ப இலை ரெக்கை கட்டிகினு பறந்து வந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ குனிந்து இலையை எடுத்தாய். முகர்ந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். என் பெயரைச் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தாய் போலிருக்கிறது. என்னை வெட்கப்படுகிற பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று என் வாயைக் கட்டியது வெட்கம் இல்லை, பயம். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடுமே என்ற பயம்.

மறுநாள் காலை நான் மட்டும் காவலரோடு பரண் ஏறினேன். உன்னைத் தண்டனையாகக் கொட்டகையில் வெங்காயம் உரிக்க உட்காரவைத்தார்கள்.

நான் திரும்பியபோது வெங்காயக் கையோடு ஓடிவந்தாய். "வந்துச்சாடி?"

"வரல" என்றேன். "சும்மா உக்காந்துகினு இருந்துட்டு வந்தோம்."

மற்றப் பெண்கள் மானும் காட்டெருமையும்தான் பார்த்திருந்தார்கள். அதனால் நீ நம்பிவிட்டாய். உன் ஆறுதலுக்காகச் சொன்ன பொய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. வந்தது என்று சொன்னால் நீ அழுவாய், உன்னிடமிருந்து நான் எதைப் பிடுங்கினேன் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருடமே நான் பெரியவளானேன், படிப்பு நின்றது. நீ பள்ளிக்குப் போகும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போவாய். இலையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. போன மாசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்கப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யானைப் பேச்சு வந்தா உன்னத்தாம்மா சொல்லுவா. நான்தான் போவல, பாவம், அவ பரண் ஏறியும் பாக்கலியேன்னு உனக்காக வருத்தப்பட்டுகினே இருப்பா" என்றார். அங்கேயும் என் வாய் திறக்கவில்லை.

யானை வந்தது. ஒரு தாயும் குட்டியும். அவ்வளவு பெரிய உடம்பு, நடக்கும்போது சருகுகூடச் சத்தம் போடவில்லை. கோயில் யானை மாதிரி காலை இழுக்கவில்லை. தண்ணீரில் மிதப்பதுபோல வந்தது. குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது. தாய் தும்பிக்கையால் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, அவசரமில்லாமல் தண்ணீர் குடித்தது. காவலர் என் காதருகில், "நல்லாப் பாத்துக்க கண்ணு" என்றார். நல்லாத்தான் பார்த்தேன்.

இதை உன் அம்மாவிடமாவது சொல்லவேண்டும். ஏனாத்தூர் ஒன்றும் தூரமில்லை. இரண்டு முறை புறப்பட்டேன். இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பிவிட்டேன்.