கஸ்தூரியின் கீபோர்டு

22-8-1997, வெள்ளி

எங்கள் காலனி நலச் சங்கச் செயலாளர் காலையிலேயே வாசலில் வந்து நின்றார். "கஸ்தூரிக்குக் குடுத்த கம்ப்யூட்டரைத் திருப்பி வாங்கிடுங்கம்மா. ரெண்டு மாசத்துல மூணு கீபோர்டை உடைச்சிட்டாங்க. ஓசியில வந்ததுன்னா அவ்ளோ இளக்காரமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆபீஸ்கள் சங்கத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்த்து உயிர் கொடுப்பது நான். யாருக்கு இளக்காரம் என்று எனக்குத் தெரியாதா? புருஷன் வேலை பார்த்த தோல் கம்பெனி மூடியபிறகு, கூலிக்கு டைப் அடிக்கும் கஸ்தூரியின் விரல்களில்தான் அவள் வீடு ஓடுகிறது. பன்னிரண்டு வருஷம் டைப்ரைட்டரில் அடித்த விரல்கள். தட்டத் தெரியாது, குத்தத்தான் தெரியும்.

நேரே பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய சாமான் குவியலில் செங்கல் கனத்தில் ஒரு கீபோர்டு கிடந்தது. "இன்னாக்கா, கல்லு மாரி கீது, இத்த போயி எடுக்கற?" என்றார் கடைக்காரர். கல்லு மாதிரி இருப்பதால்தான் எடுத்தேன். பட்டன்களைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து மாட்டினேன்.

சாயங்காலம் கஸ்தூரி வீட்டில் பொருத்திக் கொடுத்தேன். பொத்தேரி காலேஜ் பையன் ஒருவனின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நாலு பக்கம் ஒரே மூச்சில் அடித்தாள். வீடே அதிர்ந்தது. கீபோர்டு அசையவில்லை. ஒவ்வொரு வரி முடியும்போதும் அவள் இடது கை மட்டும் தானாக எழுந்து, டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குத் தள்ளும், இங்கே இல்லாத லீவரைத் தள்ளப் போய்த் திரும்பியது. "கை இன்னும் நம்ப மாட்டேங்குதுக்கா" என்று சிரித்தாள்.

திருப்பி வாங்க முடியாது என்று நாளைக்குச் செயலாளரிடம் சொல்லிவிடுவேன். இதுவும் உடைந்தால்? உடையாது. உடைந்தால்தான் என்ன, அடுத்த வெள்ளியும் சந்தை உண்டு.